கோபால்ட் படிகத்திலிருந்து நானோகுழாய்க் கூடு: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஸிஃப்-67 என்னும் உலோக-கரிமச் சட்டகப் படிகங்களை (கோபால்ட் அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்துக் கட்டிய நுண்துளைப் படிகங்கள்) சுட்டு, கார்பன் நானோகுழாய்கள் பின்னிக் கிடக்கும் உள்ளீடற்ற கூடுகளாக மாற்றும் வேலை எங்கள் ஆய்வகத்தில் இப்போது நிலைப்பட்டுவிட்டது. ஆசிரியர் பட்டியலில் பெயர் வராத பலருடைய உழைப்பு இதில் இருக்கிறது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

அடிப்படைச் செய்முறை சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2016-இல் நேச்சர் எனர்ஜி இதழில் வெளியிட்டது. சூடேற்றும் வேகம் முதல் அமிலச் செறிவு வரை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். இந்தத் துறையில் எல்லோரும் அப்படி எழுதுவதில்லை. அவர்களுக்கு முதல் வணக்கம்.

ஸ்டோர் பொறுப்பாளருக்கு: கோபால்ட் நைட்ரேட் ஈரத்தை இழுத்துக் கசியும் உப்பு. ஈரம் ஏறினால் தராசில் 1.455 கிராம் காட்டினாலும் உள்ளே 5 மில்லிமோல் இருக்காது. படிகத்தின் மற்றொரு மூலப்பொருளாக அதற்கு எதிரே போடும் 3.28 கிராம் மெத்தில்இமிடசோலின் 1:8 விகிதமும் பிசகிவிடும். சிறு சிறு பாட்டில்களில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்துக் கொடுத்தீர்கள். படிகங்கள் ஒரே அளவில் விளைவதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வாயு இணைப்பைப் போட்டுத் தந்தவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். உலைக்குள் விடும் 10 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கான் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் வெளிவாயை ஃபியூம் ஹூடுக்குள் (வாயுக்களை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) விட்டு, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நீர் தடவிப் பார்த்தீர்கள். உள்விட்டம் 60 மி.மீ., நீளம் ஒரு மீட்டர் என்றால் உலைக் குழாயின் கொள்ளளவு சுமார் 2.8 லிட்டர். நிமிடத்துக்கு 200 மி.லி. வாயு விட்டு, உள்ளே உள்ள காற்று போக ஐந்து மடங்கு கழுவ 70 நிமிடம் வேண்டும். அந்தக் கணக்கை உலைக் கதவிலேயே ஒட்டிவைத்ததால் அவசரப்பட யாருக்கும் துணிவு வருவதில்லை! காற்று கொஞ்சம் கசிந்தாலும் கார்பன் எரிந்து கோபால்ட் ஆக்சைடு மிஞ்சும். அதுவும் கறுப்புப் பொடிதான், கண்ணால் பிரித்தறிய முடியாது. காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னதும் நீங்களே: கோபால்ட் உலோகம் உள்ள நல்ல பொடி துள்ளி ஒட்டும், ஆக்சைடு அசையாது.

ஃபர்னஸ் பராமரிப்பவர், தெர்மோகப்பிளைக் குழாய்க்குள் நுழைத்து உண்மையான வெப்பநிலையை அளந்து கொடுத்தார். நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றம், 350 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம், பிறகு 700 டிகிரியில் மூன்றரை மணி நேரம். 350 டிகிரிப் படியில் ஹைட்ரஜன் கோபால்ட்டை ஒடுக்கி, அதாவது அயனியிலிருந்து உலோகமாக்கி, நுண்துகள்களாக்குகிறது. சட்டகம் சிதையும்போது வரும் கார்பனைப் பிடித்து நானோகுழாய் வளர்ப்பவை அந்தத் துகள்களே. வெறும் ஆர்கானில் சுட்டால் நுண்துளைக் கார்பன் கட்டிதான் கிடைக்கும். உலைக்குள் பொடியை ஏந்தும் சிறு படகுத் தட்டில் அதைத் தடிப்பாகக் குவித்தாலும் அடியில் அதே கதி. உரலில் அரைத்தாலோ பன்முக வடிவமே உடைந்துவிடும். பிறகு அதைக் கூடு என்று சொல்வதில் பொருளில்லை.

ஏற்றமும் நிறுத்தமும் சேர்ந்து பத்தரை மணி நேரத்துக்கு மேல், ஆற விடுவது தனி. இரவில் சிலிண்டர் அழுத்தத்தைக் குறித்து வைத்த காவலர்களுக்கு நன்றி. ஒடுக்கிய உலோகப் பொடி சூட்டோடு காற்றைக் கண்டால் பற்றிக்கொள்ளும். முழுதும் ஆறும்வரை குழாயைத் திறக்க விடாத பாதுகாப்பு அலுவலருக்கும் அப்படியே.

நுண்ணோக்கி இயக்குநர்களின் தயக்கம் நியாயமானது. காந்தப் பொடி டிஇஎம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) லென்ஸில் போய் ஒட்டினால் யார் பதில் சொல்வது? 0.5 மோலார் கந்தக அமிலத்தில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, வெளியே தெரியும் கோபால்ட்டை இளஞ்சிவப்புக் கரைசலாகக் கழுவிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள். கார்பன் உறைக்குள் சிக்கிய துகள் அதற்கும் போகாது என்பதால், மாதிரியைத் தாங்கும் கிரிட் வலையில் நன்றாக ஒட்டாத பொடியை ஊதி அகற்றியபின்தான் உள்ளே விட்டார்கள். ஒலி அதிர்வால் பொடியைக் கலைக்கும் சானிகேட்டரில் அதிக நேரம் வைத்தால் நானோகுழாய்கள் முறியும், சில நொடி போதும் என்று சொன்னவர்களும் அவர்களே.

கோபால்ட் கழிவைத் தனி கேனில் சேர்த்து எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: கேன் முக்கால் நிறைந்ததும் சொல்லுங்கள், லேபிளை நாங்களே எழுதித் தருகிறோம்.

நன்றியுடன்,
உலை அறைக் குழுவினர்