பருத்தி விளையாத நாடு முந்தியது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூரில் முப்பது வருடமாக கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வங்கதேசம், பாகிஸ்தான் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1971-இல் பிரிந்தபோது வங்கதேசம்தான் ஏழை. பருத்தியும் அங்கே பெயருக்குத்தான் விளைகிறது. பஞ்சை இறக்குமதி செய்தே, தனிநபர் வருமானத்தில் பாகிஸ்தானைத் தாண்டிவிட்டார்கள். 1970-களின் கடைசியில் அங்கிருந்து சுமார் 130 பேர் தென்கொரியா போய் ஆயத்த ஆடைத் தொழில் பழகி வந்தார்கள். அப்புறம் மிஷினில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். இன்று ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான். அவர்கள் தைத்த பனியன் ஒன்று சாம்பிளாக என் மேஜைக்கு வந்தது. தோள்பட்டையைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. 2013-இல் அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்