முன்னோர் தேடல்: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வேலூரில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். சோளிங்கர், குடியாத்தம், ஆரணி என்று காலையிலேயே பஸ் பிடித்து வந்தவர்களுக்குத் தனி நன்றி.

முதலில் இரங்கல். நம் மூத்த உறுப்பினர் ஒருவரை ஆவணி மாதம் இழந்தோம். இங்கே எல்லோருக்கும் அவர் ‘கர்ணம் ஐயா’தான்; கர்ணம் என்றால் கிராமக் கணக்கர். 1980இல் பரம்பரை கிராம அதிகாரிகள் முறையை அரசு ஒழித்தபோது, அவர் அந்த வேலைக்கு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. பதவி போனது, பழைய கணக்கைப் படிக்கிற கண் கடைசி வரை அவரிடம் இருந்தது. பசலி என்ற நிலவரி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம் வரும், ஜூலை 1இல் பசலி மாறுவதை மறந்தால் ஒரு வருடம் பிசகும் என்று ஒவ்வொரு புது உறுப்பினருக்கும் சளைக்காமல் சொல்லிக்கொடுத்தார். இந்த ஆண்டு நாம் முடித்த பெரிய தேடல் அந்தக் கணக்கில்தான் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லாமல் போனது எனக்குப் பெரிய குறை.

இந்த ஆண்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவை. காரணம் உங்களுக்குத் தெரியும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ‘டுரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று நேட்டால் துறைமுகத்தை, அதாவது இன்றைய டர்பனைத் தொட்டது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள், அவர்களில் ஏராளமானோர் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் வரை கப்பல் பட்டியலில் எழுதிவைத்தார்கள். ஆளை அடையாளம் வைத்துப் பிடிக்க எழுதிய ஏடு அது. நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அதே ஏட்டை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் ஊர் தேடுகிறார்கள்.

எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி அங்கே மூன்சாமி ஆனார், முதலியார் மூட்லி ஆனார். ஊர்ப்பெயர் பாடு இன்னும் மோசம். பாக்கம், குப்பம், நல்லூர் என்று வால் மட்டும் தெரியும், தலை புரியாது. டர்பனில் இருப்பவர் கையில் பட்டியல் இருக்கும், ஊர் எங்கே என்று தெரியாது. நமக்கு ஊர் தெரியும், பட்டியல் கையில் இருக்காது. அதனால்தான் இந்த வேலையைத் தனியாக ஒருவர் செய்ய முடிவதில்லை.

இனி, போளூர் தேடலைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அதில் நடந்த தவறு என்னுடையது, அது அறிக்கையில் பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

டர்பனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பூட்டனின் ஊரைத் தேடி எழுதியிருந்தார். கப்பல் பட்டியலிலிருந்து உறவினர் ஒருவர் கையால் எடுத்த குறிப்பை அனுப்பினார். அதில் எண் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது, குப்பம் என்று முடியும் ஓர் ஊர்ப்பெயர் இருந்தது, பக்கத்தில் ‘ஆற்காடு’ என்று இருந்தது. (குடும்பம் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் தவிர்க்கிறேன்.) ஆற்காடு என்றதும் ஆற்காடு நகரைச் சுற்றித் தேடினேன். அதே பெயரில் ஓர் ஊர் கிடைத்தது. மார்கழியில் அவரும் அவருடைய தம்பி மகனும் வந்தார்கள். கூட்டிப்போனோம். அங்கே பெரியவர்கள் யாருக்கும் எதுவும் நினைவில்லை. ‘இருக்கலாம்மா’ என்றார்கள். ஒரு பாட்டி உட்காரவைத்துச் சோறு போட்டார். ஆசிரியை கோயில் வாசலில் கொஞ்சம் மண் அள்ளி முடிந்துகொண்டு போனார்.

தை மாதம் டர்பனிலிருக்கும் நம் ஆய்வு நண்பர் ஒருவர், நாம் கேட்காமலே, அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போய் மூலப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். தாலுகா கட்டத்தில் போளூர் என்று தெளிவாக இருந்தது. ஆற்காடு என்பது ஜில்லா. அந்தக் கால வட ஆற்காட்டில் வாலாஜா, வந்தவாசி, போளூர் மட்டுமா, சித்தூர், பலமனேர், சந்திரகிரிகூட அடக்கம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் மூலப் பக்கத்தைக் கேட்காமல் அவசரப்பட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் அந்த அம்மாவை அழைத்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், அந்த மண்ணை எறிய மாட்டேன், அந்த ஊர் ஆயா எனக்குச் சோறு போட்டார், நீங்கள் தேடுங்கள் என்றார். டர்பனில் அவர்கள் வீட்டிலும் பாட்டிக்கு ‘ஆயா’தான். தமிழ் பேச மறந்துபோன வீட்டில் அந்தச் சொல் நான்கு தலைமுறை தங்கியிருக்கிறது.

மாசியில் நம் உறுப்பினர்கள் மூன்று பேர் போளூர்ப் பக்கம் போனார்கள். போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்பதால் எந்தத் தாலுகா அலுவலகத்தில் கேட்பது என்பதிலேயே ஒரு நாள் போயிற்று. ஊரில் முதல் கேள்வி, ‘நிலத்துல பங்கு கேக்க வந்திருக்காங்களா?’ என்பதுதான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. நூறு வருடம் உழுத நிலத்துக்கு வெளிநாட்டிலிருந்து வாரிசு வருகிறது என்றால் யாருக்கும் வயிறு கலங்கும். எதுவும் கேட்டு வரவில்லை, பேரும் உறவும் தெரிந்தால் போதும் என்று டீக்கடையிலும் கோயிலிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை போனபோதுதான் ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள்.

உள்ளே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்குள் எழுதியது. இன்னொருவர் அக்கரைச் சீமை போயிருப்பதாகவும், அவர் பாகத்தை மூத்தவர் பார்த்துவந்து, திரும்பி வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தேதி, சுபகிருது வருஷம் தை மாதம். நம் இளைய உறுப்பினர் 1962 என்று கணக்குப் போட்டு, பத்திரத்தை ஒதுக்கி வைக்கப் பார்த்தார். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் வருமே, சுபகிருது 1902லும் உண்டு, 1962லும் உண்டு, 2022லும் உண்டு. கிஸ்தி, அதாவது நிலவரி, பற்றிய வாசகத்தில் பசலி 1312 என்று இருந்தது. 590 கூட்டினால் 1902. தை மாதம் என்பதால் 1903 ஜனவரி, பிப்ரவரிக்குள். கர்ணம் ஐயா சொன்ன கணக்கு.

பெயர் ஒத்துப்போனதால் மட்டும் இதை ஏற்கவில்லை. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் வழக்கத்தில் ஒரே தெருவில் ஒரே பெயர் ஐந்து பேருக்கு இருக்கும். இங்கே ஊரும் தாலுகாவும் பட்டியலோடு பொருந்தின. தகப்பன் பெயர் பொருந்தியது. குடும்பத்தில் ஒருவர் கடல் தாண்டியது எழுத்தில் இருந்தது. குலதெய்வம் பச்சையம்மன் என்று டர்பனில் சொன்னார்கள், இந்த வீட்டாருக்கும் பச்சையம்மன், மன்னார்சாமி. மரபணுச் சோதனை செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். அத்தை மகள், மாமன் மகள் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவாகக் காட்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

அவர் ஏன் திரும்பவில்லை என்று ஊரில் கேட்டார்கள். நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். ஒப்பந்தம் 5 வருடம், இலவசக் கப்பல் பயணம் வேண்டுமென்றால் 10 வருடம் அங்கே இருக்க வேண்டும். பத்து வருடத்தில் அங்கே பிள்ளைகள் பிறந்து கரும்புத் தோட்டத்தில் நடமாடத் தொடங்கிவிடும். அந்த வீட்டுப் பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, ‘அப்ப கோவத்துல போகல’ என்றார். தாத்தனோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர் என்றுதான் அந்த வீட்டில் இத்தனை காலம் பேசி வந்திருக்கிறார்கள்.

மற்றத் தேடல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொரீஷியஸ் குடும்பம் ஒன்றுக்கு மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேறியோர் ஆவணங்களிலிருந்து கொள்ளுப்பாட்டியின் புகைப்படம் கிடைத்தது. ஊர் இன்னும் கிடைக்கவில்லை. திருத்தணிப் பக்கத் தேடல் ஒன்றில் பழைய ஏடுகள் எந்த மாநிலத்தில் இருக்கின்றன என்பதே சிக்கல். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போய், 1960இல் நம் பக்கம் வந்த பகுதி அது. ஊர் என்ற இடத்தில் ‘மதராஸ்’ என்று மட்டும் எழுதப்பட்ட இரண்டு தேடல்களை வருத்தத்தோடு நிறுத்திவைத்தோம்.

சாதிக் கட்டம் பற்றி இரண்டு கூட்டங்களில் காரசாரமாகப் பேசினோம். கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. சொன்னதை எழுத்தர் தப்பாக எழுதியதும் உண்டு. சிலருக்கு அந்தக் கட்டத்தை விட்டு ஓடுவதுதான் பயணமே. ஆகவே குடும்பத்துக்குத் தனியாகத் தெரிவிப்போம், ஊரில் விசாரிக்கும்போது நாமாக அதைச் சொல்லித் தொடங்குவதில்லை என்று முடிவாயிற்று. இந்த முடிவில் எனக்கு முழுச் சம்மதம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முறை குழுவாகப் போய்வந்தோம். இளையவர்களுக்குப் பழைய கையெழுத்து படிக்கப் பயிற்சி தொடங்கினோம், கர்ணம் ஐயா மறைவோடு அது நின்றுவிட்டது. அவருடைய மகன் ஐயாவின் குறிப்பு நோட்டுகளை நமக்குத் தர முன்வந்திருக்கிறார். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

பொதுக்குழுவிடம் இரண்டு அனுமதி கோருகிறேன். ஒன்று, மூலப் பக்கத்தின் படம் கைக்கு வராமல் எந்தக் குடும்பத்தையும் ஊருக்கு அழைத்துப்போகக் கூடாது என்பதை விதியாக்க வேண்டும். இரண்டு, டர்பன் குடும்பம் ஆடி மாதம் மறுபடி வருகிறது. போளூர் வீட்டார் பத்திரத்தை லேமினேட் செய்யப் போவதாகச் சொன்னார்கள். அது தாளைக் கெடுத்துவிடும் என்று தடுத்து வைத்திருக்கிறேன். நல்ல முறையில் படமெடுத்து, இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு நகல் கொடுக்கும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். அந்த அம்மா முதலில் போன ஊருக்கும் ஒரு நடை போய், சோறு போட்ட பாட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறார். அதற்கு வண்டி ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்