வெள்ளிக்கிழமை இரவு 10.30: கன்சோல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கியோட்டோவிலும் ரெட்மண்டிலும் சான் மட்டேயோவிலும் இருந்துகொண்டு டிவியோடு இணைத்து விளையாடும் வீட்டு கன்சோல்களின் எதிர்காலத்தை முடிவு செய்யும் நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட், சோனி பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "இந்த வயசுல என்ன வீடியோ கேம்?" என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். வீட்டில் கேட்பவர்கள் போதும்.

ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை இரவு 10.30 மணிக்கு எனக்கு ஒரு வேலை இருந்தது. ஹால் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தாம்பரத்தில் இருக்கும் சித்தி மகனோடு கார் பந்தயம் ஓட்டுவது. அங்கே அப்போது மணி எட்டு. மூன்றாவது சுற்றில், சரியாக நான் வளைவில் பிரேக் பிடிக்கிற நேரத்தில், அவன் வீட்டுக் குக்கர் விசில் என் காதுக்குள் அடிக்கும். "அண்ணா, ஒரு நிமிஷம், அடுப்பைக் குறைச்சிட்டு வந்துடறேன்" என்பான். ஆன்லைனில் ஓடுகிற பந்தயத்தை நிறுத்தி வைக்க முடியாது. அவன் கார் சுவரை உரசிக்கொண்டு நிற்கும். நான் பெரிய மனிதனாக வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பேன். (எல்லா வாரமும் இல்லை.) சில நாள் அம்மா தூக்கம் வராமல் எழுந்து வந்து, "குடு, நான் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்று ஹெட்செட்டை வாங்கிக்கொள்வார். அந்தப் பக்கம் சித்தி. கத்திரிக்காய் விலையும் முழங்கால் வலியும் பேசி முடிப்பதற்குள் நான் கடைசி இடத்துக்கு வந்திருப்பேன்.

சென்ற வருடம் ஒரு நாள் விளையாட்டைத் திறந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு. ஆன்லைன் சேவை இன்ன தேதியோடு முடிகிறது, இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி. அவ்வளவுதான். வெளியிட்ட நிறுவனம் எது என்பது இங்கே முக்கியமில்லை. அந்த டிஸ்க் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வாங்கிய ரசீதுகூடப் பெட்டிக்குள் மடித்தபடி கிடக்கிறது, 74.90 சிங்கப்பூர் வெள்ளி. போட்டால் பாட்டு வருகிறது, கார்கள் பளபளக்கின்றன, 'ஆன்லைன்' என்ற பொத்தானும் அதே இடத்தில் இருக்கிறது. அழுத்தினால் ஒரு சின்ன வளையம் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்புறம் ஒரு பிழை எண். கேட்டு எழுதினேன். தனியாக விளையாடும் பகுதி தொடர்ந்து இயங்கும் என்று பதில் வந்தது. தனியாக ஓட்டுவதற்கு நான் எதற்கு இரவு பத்தரை வரை விழித்திருக்க வேண்டும்?

இதை அந்த வெளியீட்டாளருக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், கதவு அவர்களுடையதாக இருந்தாலும் பூட்டு உங்களுடையது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் நான் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்தேன். வார இறுதியில் முகாமிலிருந்து புக் அவுட் ஆனதும் அங் மோ கியோவில் ஒரு நண்பன் வீட்டில் கூடுவோம். முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸில் 'சிஸ்டம் லிங்க்' என்று ஒன்று இருந்தது. நான்கு பெட்டிகளைக் கேபிளில் கோத்தால் பதினாறு பேர் சேர்ந்து 'ஹேலோ' என்ற சுடும் விளையாட்டை ஆடலாம். பெட்டி நாலு என்றால் டிவியும் நாலு வேண்டும். தட்டையான டிவி பரவாத காலம். அந்த புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. தொப்பை வைத்த பழைய டிவியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் நின்ற மாடியிலிருந்து இரண்டு மாடி படியேறியது இன்னும் இடுப்புக்கு ஞாபகம் இருக்கிறது. நண்பனின் அம்மா பதினாறு பேருக்கும் மைலோ கலக்குவார். ஆட்டக்காரர்களை இணைத்து வைக்க எந்த நிறுவனத்தின் சர்வரும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தது. கடல் தாண்டி ஆடலாம் என்றதும் டிவி சுமப்பது நின்றது. பிறகு 2010 ஏப்ரல் 15 அன்று, பழைய எக்ஸ்பாக்ஸுக்கான அந்தச் சேவையை மைக்ரோசாஃப்ட் மூடியது. 'ஹேலோ 2' ஆடிக்கொண்டிருந்த ஒரு சிலர் மட்டும் வெளியேற மறுத்துப் பெட்டியை அணைக்காமலே வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து, மே மாதத்தில்தான் கடைசி ஆள் விழுந்தார். இதை எல்லோரும் ஒரு சோகக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதன் மறுபாதிதான் முக்கியம். அதே 'ஹேலோ 2'-வை அதே பெட்டியில் இன்றைக்கும் பலர் சேர்ந்து ஆடலாம். சிஸ்டம் லிங்க் என்ற அந்த ஒரு மெனு வரி உள்ளே இருப்பதால் கேபிள் போட்டால் ஓடுகிறது. எக்ஸ்லிங்க் கை என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஓட்டினால், வேறு வேறு நாட்டில் இருக்கும் பெட்டிகள் ஒரே அறையில் இருப்பதாக நம்பிக்கொண்டு சேர்ந்து ஆடுகின்றன. இருபது வருடத்துக்கு முன் உங்களில் ஒருவர் விட்டுவைத்த சின்ன வாசல் அது.

இப்போது வரும் விளையாட்டுகளில் அந்த வாசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் நிண்டெண்டோ தன் கையடக்க 3டிஎஸ், டிவியில் ஆடும் வீ யூ இரண்டுக்கும் ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்தியது. ஆனாலும் 3டிஎஸ்-ஸில் உள்ளூர் வயர்லெஸ் இருப்பதால் இரண்டு பிள்ளைகள் எம்ஆர்டி ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து இப்போதும் ஆட முடியும். வீ யூ வைத்திருப்பவர்களுக்காக ரசிகர்களே பிரிடெண்டோ என்று ஒரு மாற்று சர்வர் கட்டியிருக்கிறார்கள். திறமைசாலிகள். ஆனால் இந்த மாதிரி ஏற்பாடுகளுக்குப் பெரும்பாலும் கன்சோலின் மென்பொருளில் கை வைக்க வேண்டியிருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கியதை ஆட நான் கள்ளச்சாவி தேட வேண்டுமா?

கணினிப் பக்கம் பாருங்கள். 'நாக்அவுட் சிட்டி' என்ற விளையாட்டின் சர்வர்களை 2023 ஜூனில் மூடினார்கள். மூடும்போதே, ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். கணினிக்கு மட்டும். கன்சோலில் அதே விளையாட்டை வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. 'மைன்கிராஃப்ட்' இன்னும் நல்ல உதாரணம். கணினியில் ஜாவா பதிப்பு வைத்திருப்பவர் யாருடைய சர்வர் முகவரியையும் தட்டச்சு செய்து உள்ளே போகலாம். கன்சோலில் அந்த முகவரிப் பெட்டியே கிடையாது. நல்ல மனதுள்ள வெளியீட்டாளர் கதவைத் திறந்து வைக்க நினைத்தாலும் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்.

சந்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்பாக்ஸில் முதலிலிருந்தே ஆன்லைனில் ஆடக் கட்டணம். பிளேஸ்டேஷன் 3-ல் இலவசமாக இருந்தது, 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது பிளஸ் சந்தா கட்டாயமானது. 2018 செப்டம்பரில் ஸ்விட்சும் சேர்ந்துகொண்டது. இதில் ஒரு வேடிக்கை: இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளுக்கு ஆன்லைன் சந்தா பெரும்பாலும் தேவையில்லை. 75 வெள்ளி கொடுத்து வாங்கியவன்தான் மறுபடியும் கட்ட வேண்டும். அதிலும் மரியோ கார்ட், ஸ்ப்ளட்டூன் போன்றவற்றில் ஆட்டம் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் பெட்டிகளுக்கு இடையே நேராகவே ஓடுகிறது. நண்பர் பட்டியல், ஜோடி சேர்ப்பது, கெட்ட வார்த்தை பேசுபவனைத் தடுப்பது, இதற்கெல்லாம் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் 1998 முதல் ஈஆர்பி என்ற மின்னணுச் சாலைக் கட்டண வளைவுக்குக் கீழே நெரிசல் நேரத்தில் போகும்போதெல்லாம் காசு கழிகிறது. திட்டிக்கொண்டேதான் கட்டுகிறோம், ஆனாலும் சாலை அங்கேயே இருக்கிறது. நீங்கள் சுங்கம் வாங்கிக்கொண்டே சாலையையும் மூடுகிறீர்கள்.

தூரக் கணக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ல் போட்ட கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லி விநாடி. விநாடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் இது இரண்டு படங்களுக்குள் அடங்கிவிடும். வழியில் இருக்கும் கருவிகள் கொஞ்சம் தின்றாலும், தம்பியும் நானும் சமமாக ஓட்டலாம். இதே ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வர் வழியாகப் போனால்? இங்கிருந்து நேர்க்கோட்டிலேயே 14,000 கிலோமீட்டர். ஒளிக்கே 140 மில்லி விநாடி வேண்டும். நான் முந்திவிட்டதாக என் திரை சொல்லும், அவன் முந்திவிட்டதாக அவன் திரை சொல்லும். நான் பார்த்தவரை, ஆள் குறைந்ததும் முதலில் மூடப்படுவது எங்கள் வட்டார சர்வர்தான். எங்கள் விளையாட்டும் கடைசி ஒன்றரை வருடம் அப்படித்தான் நொண்டிக்கொண்டு ஓடியது. பந்தயத்துக்குக் காத்திருக்கும் லாபியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்போம், ஒரே வட்டாரத்துக்காரர்கள், பசிபிக் பெருங்கடலைச் சுற்றி வந்து மோதிக்கொள்வோம்.

இங்கே வீடுகளுக்கு விநாடிக்கு 10 கிகாபிட் வேக இணைப்பைக் கொண்டுவர அரசாங்கம் 2024-ல் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியது. நல்ல விஷயம். ஆனால் குழாயைப் பெரிதாக்குவதால் கிணறு பக்கத்தில் வந்துவிடாது. மோட்டாரையே அணைத்துவிட்டால் குழாய் இருந்தும் பயனில்லை.

உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று மூடியபோது தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்தே செத்தது. அதை ஒட்டி எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் ஒரு மில்லியனுக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அந்தக் கார் விளையாட்டின் அடுத்த பாகத்துக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரிலேயே அறிவித்தது. 'கான்கார்ட்' என்ற விளையாட்டு இரண்டே வாரத்தில் மூடப்பட்டபோது சோனி பணத்தைத் திருப்பித் தந்தது. மனம் வைத்தால் நடக்கிறது. இங்கே 2012 முதல் குறையுள்ள பொருளுக்கான சட்டம் உண்டு, ஆறு மாதத்துக்குள் ஃபிரிட்ஜ் கெட்டால் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். ஆறாவது வருடம் கம்பெனிக்காரரே வந்து ஃபிரிட்ஜைப் பூட்டிவிட்டுப் போனால் யாரிடம் போவது?

சர்வரை என்றைக்கும் ஓட்டுங்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பொறியாளர் வேண்டும், மின்சாரம் வேண்டும், கார் கம்பெனி உரிமம், பாட்டு உரிமம் எல்லாம் காலாவதியாகும். புரிகிறது. கன்சோலில் வரும் எந்த விளையாட்டும் உங்கள் சோதனையைத் தாண்டித்தான் விற்பனைக்கு வருகிறது. கன்ட்ரோலர் கழன்றால் ஆட்டம் நிற்கிறதா, பொத்தானின் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்பதுவரை பார்க்கிறீர்கள். அந்தச் சோதனையில் ஒரு வரி சேருங்கள்: பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு என்றால், சர்வர் நின்ற பிறகும் நண்பர்கள் நேரடியாக இணைந்துகொள்ள ஒரு வழி உள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் பெட்டியின் மென்பொருளிலும் முகவரி தட்டச்சு செய்ய ஒரு கட்டம் வையுங்கள். ஆன்லைன் சேவை குறைந்தது எந்த வருடம்வரை இருக்கும் என்று டிஸ்க் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள், பின்பக்கம் எறும்பு எழுத்தில் வேண்டாம்.

பிள்ளைகள் முன்பின் தெரியாத சர்வருக்குள் போய்விடுவார்களே என்பீர்கள். எனக்கும் பன்னிரண்டு வயதில் ஒருத்தி இருக்கிறாள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. பெற்றோர் பூட்டு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. நேரடி இணைப்பையும் அதற்குள் வையுங்கள், நண்பர் பட்டியலில் இருப்பவரோடு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். தெரியாதவனோடு ஆட எனக்கு ஆசையில்லை, தாம்பரத்துக்காரனே போதும்.

என் பங்கு வேலையை நான் முடித்துவிட்டேன். பழைய கணினி ஒன்றைச் சுத்தம் செய்து, என்றாவது எங்கள் சொந்த சர்வராக ஓட்டலாம் என்று வீட்டு பாம் ஷெல்டருக்குள் (தடித்த சுவர் கொண்ட காப்பறை) வைத்திருக்கிறேன், அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில். அந்தச் சுவருக்குள் வைஃபை எடுக்காது என்பதால் கதவிடுக்கு வழியாகக் கேபிள் இழுத்தாகிவிட்டது. மனைவிக்கு இன்னும் காரணம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை இரவு தம்பியும் நானும் போனில் கேரம் ஆடுகிறோம். அதிலும் அவன்தான் ஜெயிக்கிறான். அந்தக் கேரமுக்கும் எங்கோ ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டுநர்