யாருக்கான ‘நார்மல்’ அளவு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் கணவருக்கு வயது 61. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை.

தை மாதம் ரத்தப் பரிசோதனை செய்தோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 136, அதில் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்கிற எல்டிஎல் 64. அந்த லேபில் அளவு மீறினால் தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். ஒரு வரிகூடத் தடிக்கவில்லை. “எல்லாம் நார்மல், இனி மாத்திரை எதுக்கு?” என்று அட்டையை அலமாரி மேல் போட்டுவிட்டார். ஆட்டுக்கறியை விட்டாச்சு, தினமும் நடக்கிறார். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

சித்திரைக் கடைசியில் மறுபடி பார்த்தோம். மொத்தம் 198, எல்டிஎல் 126. அப்போதும் தடித்த எழுத்து இல்லை. மொத்தத்துக்கு 200 வரை, எல்டிஎல்லுக்கு 130 வரை சரி என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறதே!

டாக்டர் பார்த்ததும் 126-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். “இது உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரி. ஸ்டென்ட் வச்ச உங்களுக்கு 70-க்குக் கீழ இருக்கணும். 55-க்குக் கீழ வந்தா இன்னும் நல்லது” என்றார். 64 வந்ததே மாத்திரையால்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் கல்லீரலே உண்டாக்குகிறதாம். மாத்திரை அதைக் குறைத்து, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லையும் கல்லீரல் இழுத்துக்கொள்ளச் செய்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழையபடி ஏறிவிடும். கறியை விட்டது நல்லதுதான், ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது.

ஏறுவது உடம்புக்குத் தெரிவதும் இல்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. அந்த மூன்று மாதமும் இவர் தெம்பாகத்தான் தோட்டத்துக்குப் போய்வந்தார். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

லேப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “இதய நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்” என்று எல்டிஎல் வரிக்குக் கீழே தமிழில் அச்சடியுங்கள். எங்கள் தெருவில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலும் அப்படி ஒரு வரி இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராஜபாளையம்.