பில் இல்லாத கருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்ததைப் படித்தேன். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தன் மகன் இதுவரை ஒரு கருவியைக்கூடக் கையால் தொட்டதில்லை, லேப் கட்டணம் என்று வாங்கும் பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்கு எனக்கும் பதில் தெரியாது. கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் 22 வருடமாக கம்ப்யூட்டர் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஸ்டாக் ரிஜிஸ்டர் என் கையில், செக் புக் வேறொருவர் கையில். ஆனால் கருவியைத் தொடாத பிள்ளை கருவியைப் பற்றி எதுவுமே கற்க முடியாது என்று அவர் முடித்திருந்தார். அந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

டிரைவர் எழுதச் சொல்லிக்கொடுக்க எங்கள் லேபில் ஒரு காலத்தில் நிஜமான கார்டுகள் மூன்று இருந்தன. (டிரைவர் என்றால் கணினிக்குள் செருகிய கருவியோடு பேசுவதற்கென்று எழுதும் மென்பொருள். எங்கள் வீட்டில் இன்னும் பஸ் டிரைவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) அறுபது பிள்ளைகளுக்கு மூன்று கார்டு. ஒருவர் எழுதுவார், பத்தொன்பது பேர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு நாள் கரண்ட்டை அணைக்காமலே ஒரு பையன் கார்டை உருவினான். மிச்சம் இரண்டு. எழுதிய டிரைவரில் ஒரு தப்பு இருந்தால் கணினியே உறைந்துபோகும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி எழுப்பி, டிஸ்க் பழுதாகியிருக்கிறதா என்று அது தேடி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டில் இருந்த விடை பக்கத்து நோட்டிலிருந்து வந்ததுதான். பார்த்தும் பார்க்காமல் இருந்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது இரண்டு வருடமாக அந்தக் கார்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம். பதிலுக்கு வந்தது கியூஎமு (QEMU). ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியையே நடித்துக் காட்டும்: பிராசஸர், நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம். இதைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். எங்கள் லேப் கணினிகளில் பாதி பழசு, அதற்கென்று பிராசஸரில் இருக்க வேண்டிய வசதியெல்லாம் வேலை செய்யாது. அப்படியும் கியூஎமு ஓடும், என்ன, கொஞ்சம் மெதுவாக ஓடும்.

அதற்குள் பிள்ளைகளுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. கல்வி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்துதான் அதன் பெயர்: ‘எடு’ (edu). தமிழில் படித்தாலும் பொருத்தமாகவே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள். செக் நாட்டில் பிர்னோ நகரத்து மசாரிக் பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வகுப்புக்காக யிர்ஷி ஸ்லாபி என்பவர் எழுதியது. 2015-இல் கியூஎமுவோடு சேர்த்துக்கொண்டார்கள். சும்மா கற்பனையில் செய்ததும் இல்லை, ஒரு நிஜ நெட்வொர்க் கார்டில் உள்ள ஒரு பகுதியின் நடத்தையை ஒட்டியே செய்திருக்கிறார்கள். மெஷினைத் தொடங்கும் கட்டளையில் ‘எடு’ கருவியும் வேண்டும் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், கார்டு செருகியாயிற்று. அறுபது பேருக்கு அறுபது கார்டு.

அது செய்யும் வேலை ஒரு நெட்வொர்க் கார்டோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். டிரைவர் எண்களைப் படிக்கவும் எழுதவும் அதற்குள் சில இடங்கள் உண்டு. ஒரு இடத்தில் படித்தால் தன் அடையாள எண்ணைச் சொல்லும். இன்னொரு இடத்தில் ஒரு எண்ணை எழுதினால் அதன் பிட்டுகளையெல்லாம் (0-வை 1 ஆக, 1-ஐ 0 ஆக) புரட்டித் திருப்பித் தரும், உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட. மூன்றாவது இடத்தில் ஒரு எண்ணைப் போட்டால் அதன் ஃபேக்டோரியலைக் கணக்கிடும், அதாவது 1-இலிருந்து அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும். கணக்கு முடிந்ததும் வேண்டுமானால் இன்டரப்ட் கொடுத்துக் கூப்பிடும். நான்கு கிலோபைட்டில் ஒரு சின்ன நினைவகமும் உண்டு, கணினியின் நினைவகத்திலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தானே அள்ளிப் போடும். ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் டிரைவர் எழுதக் கற்றுக்கொள்ளும் ஒரு பிள்ளை இடற வேண்டிய கல் எல்லாம் அதற்குள் கிடக்கிறது.

ஒரு நாள் ஒரு பையன் வந்து, “அக்கா, கருவி கெட்டுப்போச்சு” என்றான். ஃபேக்டோரியல் 12 வரை சரியாக வருகிறது, 12-க்கு 47,90,01,600. 13 போட்டால் 193,20,53,504 என்று வருகிறது, 622 கோடியே 70 லட்சத்துச் சொச்சம் வர வேண்டாமா என்றான். கெட்டுப்போகவில்லை. அந்த இடம் 32 பிட்டுதான் கொள்ளும். அதற்கு மேலே வழிந்ததைக் கருவி கீழே விட்டுவிட்டது. சரியான விடையிலிருந்து 429,49,67,296-ஐக் கழித்துப் பார் என்றேன். கழித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய்ப் பக்கத்துப் பையனிடம் சொன்னான்.

இன்டரப்ட் விஷயம் இன்னும் நன்றாக இருக்கும். கருவி கூப்பிட்டால், வந்தேன் என்று டிரைவர் பதில் எழுத வேண்டும். எழுத மறந்தால் அது விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கவனித்துவிட்டேன் என்று கர்னலிடம் பொய் சொல்லிவிட்டுக் கருவிக்குப் பதில் எழுதாமல் விட்டால் மெஷின் அப்படியே உறையும். என்னைக் கூப்பிடவே இல்லை என்று கைவிரித்தால், லட்சம் தடவை பார்த்துவிட்டு, ஒருத்தரும் கவலைப்படவில்லை என்று கர்னல் ஒரு வரி எழுதிவைத்து அந்தக் கம்பியையே அடைத்துவிடும். நிஜக் கார்டாக இருந்தால் இந்தத் தப்பை ஒரு பீரியடில் ஒருமுறைதான் செய்ய முடியும். இங்கே திரையில் அந்த மெஷினின் ஜன்னலை மூடிவிட்டு மறுபடி தொடங்கு, அரை நிமிடம். ஒரு மதியத்தில் பதினேழு தடவை மெஷினைக் கொன்ற ஒரு மாணவி இருக்கிறாள். அவள் கதைக்குத்தான் வருகிறேன்.

சாத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை. ‘எடு’ முடித்தபின், “அக்கா, நானே ஒரு கருவி செய்யலாமா?” என்று கேட்டாள். கியூஎமுவின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ‘எடு’ கருவி முழுதும் சி மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு, ஐந்நூறு வரிக்குள். அதைப் பிரதி எடுத்து, ஃபேக்டோரியலை வெட்டி, அள்ளிப் போடும் வேலையை வெட்டி, பெயரை மாற்றி, கோப்புப் பட்டியல் இரண்டில் ஆளுக்கொரு வரி சேர்த்தாள். பிறகு முழுவதையும் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். முதல் நாள் எல்லா வகைப் பிராசஸருக்கும் சேர்த்து உருவாக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு ஒரே வகை போதுமே என்று அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது.

அவள் செய்தது ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி. ஒரு இடத்தில் படித்தால் தொட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று சொல்லும். நொடிக்கு ஒன்றாகக் குறையும். இன்னொரு இடத்தில் 1 எழுதினால் மோட்டார் ஓடும், நிரம்பும். வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் இன்டரப்ட். டிரைவரைத் தோழி எழுதினாள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

விஷயம் இதுதான். தண்ணீர் இறங்கியதும் கருவி ஒருமுறை கூப்பிட்டால் போதுமா, அல்லது நிரம்பும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? ஒருமுறைதான் கூப்பிடும் என்று நம்பி ஒருத்தி டிரைவர் எழுதியிருந்தாள். தண்ணீர் இல்லாதவரை கத்தத்தான் வேண்டும் என்று இன்னொருத்தி கருவி எழுதியிருந்தாள். உன் டிரைவர் சரியில்லை, உன் கருவி சரியில்லை என்று சண்டை. இரண்டுமே சரிதான், எது என்று எழுதிவைக்காததுதான் தப்பு. பாடம் எடுக்கும் சார் வந்து இருவரையும் உட்காரவைத்து, அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். ‘எடு’வுக்கும் அப்படி ஒரு சின்னக் குறிப்புத் தாள் உண்டு, எந்த இடத்தில் எழுதினால் என்ன நடக்கும் என்று. அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. 22 வருடத்தில் எங்கள் லேபில் எழுதப்பட்ட உருப்படியான பக்கம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். சிப் கைக்கு வருவதற்கு முன்பே அதன் மாதிரியை மென்பொருளில் செய்து டிரைவர் எழுதுவது பெரிய கம்பெனிகளில் வழக்கம்தான். அங்கேயும் இந்தச் சண்டைதான் நடக்கும்.

இதில் வராதவையும் உண்டு. சால்டரிங் வராது. ஒயர் லூசாக இருந்தால் வரும் கோளாறு வராது. அதற்கு நிஜ போர்டு வேண்டும், அதற்குக் காசும் வேண்டும், அந்தத் தந்தையின் கேள்வி அங்கே அப்படியேதான் நிற்கிறது.

என் குறை வேறு. லேப் ஆய்வுக்கு வருகிறவர்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் பார்க்கிறார்கள். கருவியின் பெயர், கம்பெனி, பில் எண், விலை, எண்ணிக்கை. பீரோவில் பூட்டிக் கிடக்கும் இரண்டு கார்டுக்கும், ஏன், வெந்துபோன மூன்றாவதற்கும்கூட அதில் வரி இருக்கிறது. தினமும் அறுபது பேர் எழுதிப் பழகும் ‘எடு’வுக்கு வரி இல்லை, ஏனென்றால் பில் இல்லை. சென்ற முறை பிராக்டிகல் தேர்வு நடத்த வந்தவரிடம் அந்தச் சாத்தூர்ப் பெண் தொட்டிக் கருவியைக் காட்டினாள். கருவி எங்கே என்றார். திரையில் கருவிகள் பட்டியலில் இருந்த அந்த ஒரு வரியைக் காட்டினாள். எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று கேட்டார். “நான்தான் சார்” என்றாள். பட்டியலில் உள்ள பரிசோதனையைச் செய்துகாட்டச் சொல்லிவிட்டார். செய்தாள், மார்க் வந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொட்டிக்கு ஒரு மார்க்கும் இல்லை.

பாடத்திட்டம் வகுப்பவர்கள் இந்தப் பத்திரிகையைப் படித்தால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனைப் பட்டியலில் ஒரே ஒரு வரி: மாணவர் தானே ஒரு எளிய கருவியை விர்ச்சுவல் மெஷினில் சேர்த்து, அதன் குறிப்புத் தாளை எழுதி, இன்னொரு மாணவர் அதற்கு டிரைவர் எழுத வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் விலை ரூபாய் 0 என்று எழுதிக்கொள்ள நான் தயார்.

கடிதம் எழுதிய அந்தத் தந்தைக்கு: உங்கள் மகனிடம் ஒரு லேப்டாப் இருந்தால் இன்று இரவே ‘எடு’வைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து நாள் கழித்து, 13 போட்டால் என்ன வருகிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்
கோவில்பட்டி வட்டாரம்
(பெயரை வெளியிட வேண்டாம், ஆய்வு அடுத்த மாதம் வருகிறது)