மூன்று ஆண்டுப் பட்டம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 முடிவு வந்ததும் பி.எஸ்சி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் (ஊட்டச்சத்தும் உணவியலும்) சேரலாமா என்று கேட்கும் மாணவர்களும் பெற்றோரும் பலர். தாராளமாகச் சேரலாம். ஆனால் மூன்றாண்டு முடிந்த கையோடு பெரிய மருத்துவமனையில் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேராதீர்கள். இந்திய உணவியல் சங்கம் நடத்தும் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வை எழுத, எம்.எஸ்சி. முடித்தவருக்கும் மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் வேண்டும். ஆக, எம்.எஸ்சி. வழியில் ஐந்தரை ஆண்டுக் கணக்கு.

இவ்வளவு படிப்பு எதற்கு என்பதற்குச் சிறுநீரக நோயாளியின் தட்டு ஒன்றே போதும். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 36 முதல் 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் டயாலிசிஸ் திரவத்தோடு வெளியேறுவதால் அவருக்கே 60 முதல் 72 கிராம் வரை தேவைப்படும். வீட்டார் பழைய கட்டுப்பாட்டையே தொடர, நோயாளியின் தசை கரைகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவருக்கு இளநீர் ஆபத்து. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அது இன்னும் ஆபத்து. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் கரைந்த அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். நோயாளியின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரியாதவர் இதில் எதையும் சொல்ல முடியாது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது உயிர்வேதியியலில். உயிரியலும் வேதியியலும் படித்து வந்தவருக்கு அது ஓரளவு எளிது. மனையியல் பிரிவிலிருந்து வருபவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. அவர்கள் முதல் செமஸ்டரிலேயே கூடுதலாக உழைக்க வேண்டும். அடுத்த தவறு செய்முறைக் கணக்கில் நடக்கிறது. உணவுச் சத்து அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் சமைக்காத பொருளின் அளவு. 100 கிராம் அரிசி ஏறக்குறைய 350 கலோரி. அதுவே சோறானால் 250 முதல் 300 கிராம் வரை வரும். சோற்றை எடைபோட்டு அரிசியின் கலோரியை எழுதினால் கணக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். இதே பிழை சர்க்கரை நோயாளியின் உணவுப் பட்டியலில் நடந்தால், அவருக்குச் சேர வேண்டிய சோற்றில் பாதிகூடத் தட்டுக்கு வராது.

எனவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எடைக்கருவிகளோடு கூடிய டயட் கிச்சன் இருக்கிறதா, எந்த மருத்துவமனைக்கு எத்தனை வாரம் அனுப்புகிறார்கள், வார்டுக்குள் விடுகிறார்களா அல்லது சமையலறையோடு நிறுத்திவிடுகிறார்களா என்று மூத்த மாணவர்களிடமே கேளுங்கள்.

மருத்துவமனை மட்டுமே வழியல்ல. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அலுவலர் பணி, உணவு நிறுவனங்களில் லேபிளுக்கான சத்துக் கணக்கு, விடுதி உணவு நிர்வாகம், விளையாட்டு வீரர்களுக்கான உணவுத் திட்டம் என்று பல உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் மனையியலில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர் ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நினைவில் வையுங்கள். 1918-ல் நம் குன்னூரில் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கான ஆய்வுப் பிரிவு வளர்ந்துதான் அந்த நிறுவனம் ஆனது. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். டயட்டீஷியன் தேவை என்று வரும் சில விளம்பரங்கள் உண்மையில் புரத மாவு விற்கும் வேலைக்கானவை. மாதாந்திர விற்பனை இலக்கு உண்டா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடுங்கள்.

2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியனும் உண்டு. பதிவேட்டில் பெயர் இருப்பவரே தொழில் செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவித்துவிட்டது. அப்படியிருக்க, மூன்று மாத ஆன்லைன் சான்றிதழுக்குப் பணம் கட்டிவிட்டு அது டயட்டீஷியன் வேலைக்குச் செல்லும் என்று காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இந்தப் படிப்பைப் பற்றி எழுதும்போது, முதுநிலை, இன்டர்ன்ஷிப், பதிவு மூன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உணவியல் பேராசிரியர்கள்,
கோயம்புத்தூர்.