மேய்ச்சல் நிலத்தின் அமைதிக்கு அருகே அதன் ஆண்டையும் எழுதுங்கள்

நெதர்லாந்து அருங்காட்சியகங்களின் அச்சுப்படப் பிரிவுகளைக் காத்துவரும் பெருமக்களுக்கு, வணக்கம்.

செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு அச்செடுக்கும் செதுக்கோவியக் கலையைப் பல ஆண்டுகளாகப் பயின்று வருபவன் நான். 19ஆம் நூற்றாண்டில் உங்கள் நாட்டில் அச்சான சிற்றூர்க் காட்சிகள்மீது எனக்குள்ள பற்று பெரிது. தகட்டைத் துடைக்கும்போது மெல்லிய மைப்படலத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தால், ஈரம் ததும்பும் ஒரு வானம் தாளில் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அதே படலம் குடிசையின் விரிசலையும் வாசற்சேற்றையும் சேர்த்தே மென்மையாக்கிவிடும் என்பது தகடு துடைத்த எவருக்கும் தெரியும்.

அண்மையில் ஒரு கண்காட்சியில் இத்தகைய படங்களின் கீழே 'காலம் தீண்டாத எளிய வாழ்வு' என்று எழுதியிருந்ததைக் கண்டு வருந்தினேன். காலம் அந்த ஊர்களைக் கடுமையாகவே தீண்டியது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல்நோய் அழித்தபின் வந்த பஞ்ச ஆண்டுகளில் நெதர்லாந்தில் சுமார் 60,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 1870களின் பிற்பகுதி முதல் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்ததால் உழவர்கள் நெடுநாள் நொடித்துக் கிடந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் அன்டன் மோவ் போன்றோரின் மேய்ச்சல் ஓவியங்களைப் பிலிப் சில்கன் முதலியோர் தகட்டில் கீறினார்கள். ஓவியத்தை வாங்க இயலாத நகரத்து வீடுகளும் அந்தத் தாள்களை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டன.

மாடு மேய்க்கும் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்க 1874இல் நாடாளுமன்ற உறுப்பினர் வான் ஹௌட்டன் கொண்டுவந்த சட்டம், வயல்வேலைக்கு விலக்கு அளித்தது. கையில் கோலுடன் புல்வெளியில் நிற்கும் அந்தக் குழந்தை, சட்டம் கைவிட்ட ஒரு தொழிலாளி. இந்த ஒரு வரியைப் படத்தின் அருகே எழுதுவதால் அதன் அழகு சிறிதும் குறையாது. பார்ப்பவர் அவள் முகத்தருகே இன்னும் சற்று நேரம் நிற்பார் என்றே நம்புகிறேன்.

1885இல் நெதர்லாந்துச் செதுக்கோவியர் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், நியூனென் ஊரில், வின்சென்ட் வான் கோ 'உருளைக்கிழங்கு உண்போர்' காட்சியைக் கல்லச்சாக, அதாவது கல்லின்மேல் வரைந்து தாளில் எடுக்கும் அச்சாக, வரைந்தார். விளக்கொளியில் ஐவர், எலும்பு புடைத்த கைகள், நடுவே ஒரு தட்டு. அதன் வரைவுக் குறைகளை அவருடைய நண்பர் வான் ராப்பார்டே கடுமையாகச் சாடினார். ஆயினும் அந்தக் கைகள் தோண்டிய மண்ணை அதில் என்னால் உணர முடிகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை மேய்ச்சல் நிலச் செதுக்கோவியங்களைக் காட்சிக்கு வைக்கும்போது, வான் கோவின் அந்தக் கல்லச்சை வேறு அறைக்கு அனுப்பிவிடாமல் அவற்றின் பக்கத்திலேயே, ஒரே உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு தாளின் கீழும் அது அச்சான ஆண்டையும் அவ்வாண்டில் அந்த மண்ணில் உழைத்தவர்களின் நிலையையும் இரண்டு வரிகளில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சோவிய மாணவன்